நாலு பேருக்கான கப்பல் சீட்டு

மார்ச் மாதம் பெல்ஜியத் துறைமுகத்துக்கு வெளியே முன்கதவை மூடாமல் கிளம்பிய ஒரு கப்பல் கார்களோடும் மனிதர்களோடும் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. அதை டிவியில் பார்த்த நாளிலிருந்து, குளியல் தொட்டியில் தண்ணீர் நிரம்பும் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் குழாயை மூடிவிடுவேன். ஜூன் மாதம் எங்கள் வீட்டுக்கு வரும் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. தினமும் ஒரு கூப்பன் வெட்டிச் சேர்த்து அனுப்பினால், காரோடு கப்பலில் பிரான்ஸ் போய்வர மலிவுக் கட்டணம். என் கணவன் ட்ரெவர் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினான்.

ட்ரெவர் கெட்டவன் இல்லை. கஞ்சன். இரும்பாலையில் வேலை. உலைக்கு முன்னால் நின்று வேர்வை சிந்திச் சம்பாதித்ததைக் கப்பல்காரனுக்குத் தூக்கிக் கொடுக்க அவனுக்கு மனசு வராது. எனக்கும் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு ஒரு எல்லை உண்டு. அவனுக்குக் கிடையாது. ஆலைக் கேன்டீனில் பிறர் படித்துப் போட்ட பேப்பர், பஸ் சீட்டில் கிடந்த பேப்பர், மீன் வறுவல் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த பேப்பர், எதையும் அவன் விடவில்லை. எங்கள் வீட்டுக் கூப்பன்களில் பாதி எண்ணெய்ப் பிசுக்கோடும் வினிகர் வாடையோடும் அடுப்படி ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தன.

"ட்ரெவர், அன்னிக்கு அந்தக் கப்பல்ல இருந்தவங்க நெறையப் பேரு இப்படிக் கூப்பன் வெட்டிப் போனவங்கதான். ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"அதனாலதான் சொல்றேன் மோரீன், இப்பப் போறதுதான் ரொம்பப் பத்திரம். ஒவ்வொரு கதவையும் நாலு ஆளு வந்து பாத்துட்டுப் போவான்."

"ஃபைலி கடற்கரையிலயே கூடாரம் போடலாமே. போன வருஷம் போட்டோமே."

"போன வருஷம் காத்துல கூடாரம் நம்மள விட்டுட்டுத் தனியா ஊர் சுத்தப் போச்சு. இந்த வருஷமாவது பிள்ளைங்க கொஞ்சம் வெயிலப் பாக்கட்டும்டி."

பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவள் ஜோவானுக்குப் பதிமூன்று வயது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டே பிறந்தவள் போல எப்போதும் அதே கோலத்தில் இருப்பாள். அடுத்தவன் டேரன், கார் கிளம்புவதற்கு முன்பே வாந்தி எடுப்பவன். கடைக்குட்டி ஜெம்மா. ஆறு வயது, ஆனால் பார்த்தால் நாலு என்று சொல்வார்கள். அப்பா சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. நான் சொல்வதை மூன்று முறை சொன்னால்தான் கேட்பாள். அவன் ஒரு தடவை சொன்னால் போதும்.

ஏப்ரலில் அவளுடைய பிறந்தநாளுக்குத் தெருப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டோம். கேக் வெட்டிய பிறகு 'தூங்கும் சிங்கம்' ஆடினார்கள். பிள்ளைகள் எல்லாம் தரையில் சிங்கம் மாதிரிப் படுத்துத் தூங்க வேண்டும். வேட்டைக்காரன் நடுவே சுற்றி வருவான். அசைந்தவர் அவுட். பெரியவர்களுக்கு அரைமணி நேரம் காதுக்கு ஓய்வு கிடைக்கும் என்பதால் இங்கே இந்த ஆட்டம் இல்லாமல் பிறந்தநாளே கிடையாது. எங்கள் வீட்டில் வேட்டைக்காரன் ட்ரெவர். அவன் ஆட்டத்தில் ஒரு விஷமம் வைத்திருந்தான். "ஐஸ்கிரீம் ரெடி, எல்லாரும் எந்திரிங்க" என்பான். "உங்க அம்மா கூப்பிட வந்துட்டாங்க" என்பான். எழுந்தவன் அவுட். வாயால் என்ன சொன்னாலும் அது ஏமாற்று. வேட்டைக்காரன் வந்து தலையில் ரெண்டு தட்டுத் தட்டினால்தான் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். ஜெம்மாவை யாராலும் எழுப்ப முடியவில்லை. நானே வேண்டுமென்றே போய், "ஜெம்மா, பூனைக்குட்டி ரோட்டுக்கு ஓடிடுச்சு" என்று கத்தினேன். இமைகூட ஆடவில்லை. கடைசியில் ட்ரெவர் அவள் தலையில் தட்டி, "இதுதான்டா சிங்கம்" என்று தோளில் தூக்கிக்கொண்டு தெருவையே சுற்றி வந்தான்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். செவ்வாய்க்கிழமைதான் மலிவு. கூடாரம், அடுப்பு, தூக்கப் பைகள், ஒரு கோணிப்பை உருளைக்கிழங்கு, பிரான்ஸில் டீ கிடைக்காது என்று ஒரு பெரிய டப்பா டீத்தூள். காரின் பின்பக்கம் கூரை வரைக்கும் சாமான். ஜெம்மா தன் புதுச் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். கப்பல் ஏறும் டோவர் துறைமுகத்தை நெருங்கும்போது ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினான். டேரனை இழுத்துக்கொண்டு நான் கழிவறைக்குப் போய் வந்தபோது பின் சீட்டில் ஜோவான் மட்டும் இருந்தாள்.

"ஜெம்மா எங்க?"

"ஷ்ஷ்," என்றான் ட்ரெவர். "சிங்கம் தூங்குது."

பின்பக்கச் சாமான்களுக்கு நடுவே, தூக்கப் பைகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னச் சிரிப்பு கேட்டு நின்றது.

"என்ன விளையாட்டு இது?"

அவன் காரைக் கிளப்பினான். ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். "கூப்பன் சீட்டு ஒரு காருக்கு நாலு பேருக்குத்தான். அஞ்சு பேருன்னா கூப்பனே செல்லாது. மொத்தத்துக்கும் முழுக் கட்டணம். சின்னப் பொண்ணு, சாமானுக்குள்ள யாருக்குத் தெரியப் போவுது?"

"இதை நீ ஜூன்லயே சொல்லியிருக்கணும்!"

"ஜூன்ல சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

"இறக்குடா அவளை. இல்லேன்னா வீட்டுக்குத் திருப்பு."

"இவ்வளவு தூரம் வந்துட்டு வீட்டுக்கா? பிள்ளைங்க மூஞ்சியப் பாரு மோரீன். சீட்டுக் கூண்டத் தாண்டற வரைக்கும்தான். கப்பலுக்குள்ள போனதும் எந்திரிச்சுடுவா. அவளுக்கு இது விளையாட்டு. நீ எதுக்கு சாவு வீடு மாதிரி ஆக்குற?"

அவன் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. நான் கார்க் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். ஆனால் அதற்குள் நாங்கள் வரிசைக்குள் வந்துவிட்டோம். முன்னால் கார், பின்னால் கார், இரண்டு பக்கமும் கம்பி வேலி. கூண்டுக்குள் இருந்த பெண் குனிந்து காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"நாலு பேரா?"

"நாலே பேரு, கண்ணு," என்றான் ட்ரெவர்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் நீட்டிய அட்டையைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு கப்பலுக்குள் போனோம்.

கப்பலின் அடித்தளம் என்பது இரும்புக் குகை. டீசல் புகை, சங்கிலி இழுபடும் சத்தம், மேலே மங்கலான விளக்கு. ஆரஞ்சுக் கையுறை போட்டவர்கள் நின்றுகொண்டு, "இன்னும் முன்னால வா, இன்னும் வா" என்று காரோடு காரை ஒட்டவைத்தார்கள். என் பக்கக் கதவு பாதிதான் திறந்தது. டேரனின் முகம் பச்சையாகியிருந்தது. இன்னொரு நொடி தாமதித்தால் சீட்டெல்லாம் நாசம்.

"நான் இவனைக் கூட்டிட்டு மேல போறேன். நீ ஜெம்மாவைத் தூக்கிட்டு வா."

"சரி சரி, போ."

"ட்ரெவர், நான் சொல்றது காதுல விழுதா?"

"விழுது, தாயே. போ!"

மேலே போய் டேரனைக் கழிவறையில் உட்காரவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கப்பல் நகர்வது காலடியில் தெரிந்தது. கழிவறையை விட்டு வெளியே வந்ததும், அங்கே நின்ற ஒரு மாலுமியிடம் முன்கதவை மூடிவிட்டார்களா என்று கேட்டேன்.

"மூடியாச்சுங்க. நம்ம கேப்டனைவிட நீங்கள்லாம்தான் அதிகமா விசாரிக்கிறீங்க," என்றான். அவன் குரலில் கேலி இருந்தது, கண்ணில் இல்லை.

வெளியே மூடுபனி. கடலே தெரியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் வெள்ளைத் துணி கட்டியது போல இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கப்பலின் சங்கு ஊதியது. ஒவ்வொரு தடவையும் டேரன் என் கையை இறுக்கினான். எனக்குப் பிடித்துக்கொள்ளத்தான் யாரும் இல்லை.

உணவுக் கூடத்தில் ட்ரெவர் ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கு வறுவலோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஜோவான், காதில் பாட்டு. மேசையில் அஞ்சு முள்கரண்டி இருந்தது, ஜெம்மா இல்லை. அதைப் பார்த்ததுமே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

"ஜெம்மா எங்க?"

அவன் ஒரு வறுவலை வாயில் போட்டுக்கொண்டு, "உன்கூடத்தானே வந்தா?" என்றான்.

"என்கூட எப்படி வருவா? உன்னைத்தானே தூக்கிட்டு வரச் சொன்னேன்!"

அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் பார்த்தேன். "நான் பின்கதவத் தெறந்து, 'எந்திரி ஜெம்மா, வறுவல் வாங்கித் தரேன் வா'ன்னு சொன்னேன். அதுக்குள்ள அந்தக் கையுறைக்காரன் வண்டிய இன்னும் ஒட்டி நிறுத்துன்னு கத்துனான். ஏறி நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தா சிவப்புக் கோட்டு படியில ஏறிப் போய்க்கிட்டு இருந்துச்சு. உன் பின்னாடிதான் ஓடறான்னு நெனச்சேன் மோரீன். கதவச் சாத்திட்டு வந்துட்டேன்."

நான் ஜோவானின் காதிலிருந்ததைப் பிடுங்கினேன். "தங்கச்சியப் பாத்தியா?"

"எனக்கென்ன தெரியும்? அப்பாதானே..." என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

டேரனை அவளிடம் விட்டுவிட்டு ஓடினேன். கடைகள், காசு போட்டு ஆடும் இயந்திரங்கள், லாரிக்காரர்கள் அறை, கழிவறைகள் எல்லாவற்றிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வெளித்தளத்துக்கு வந்தபோது மூடுபனி முகத்தில் ஈரமாக அடித்தது. கம்பித் தடுப்பின் இடைவெளியைப் பார்த்தேன். என் முழங்கால் அதற்குள் புகுந்தது. ஜெம்மா முழுசாகவே புகுந்துவிடுவாள். கீழே தண்ணீர் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். ஒரு பெஞ்சுக்கு அந்தப் பக்கம் சிவப்புக் கோட்டு. எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தது. "அடிப்பாவி!" என்று கத்தியபடி போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினேன். வேறு முகம். யாரோ ஒரு பிரெஞ்சுக்காரியின் பெண். பயந்து அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா எழுந்து வந்து என்னைத் திட்டினாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. புரிந்திருந்தாலும் எனக்கு உறைத்திருக்காது.

என் பின்னால் ஓடிவந்த ட்ரெவர் அந்தக் கோட்டையே பார்த்தபடி நின்றான். "இதுதான்," என்றான். "நான் படியில பாத்தது இதுதான். அப்ப அவ... அவ காருக்குள்ளதான் இருக்கணும்."

எனக்கு உயிர் பாதி வந்தது. பயணிகள் அலுவலகத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் அதிகாரி இருந்தார். சட்டையில் பில்ச்சர் என்று பெயர். ஐம்பது வயது இருக்கும், டோவர் பக்கத்துப் பேச்சு. என் மூச்சிரைப்புக்கு நடுவே அவர் நிதானமாகக் கேட்டார்.

"பயப்படாதீங்க மேடம். பிள்ளைங்க அடிக்கடி காணாமப் போவும், எதாவது ஒரு மெஷின் பக்கம் நிக்கும். கார் அட்டை எண் சொல்லுங்க." பட்டியலைப் புரட்டிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "பெரியவங்க ரெண்டு, பிள்ளைங்க ரெண்டு. பையன் காணோமா, பொண்ணு காணோமா?"

நான் ட்ரெவரைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"மேடம்?"

"மோரீன், இரு," என்று ட்ரெவர் என் முழங்கையைத் தொட்டான். "நாமே முதல்ல கீழ போயி..."

அவன் கையை உதறினேன். "ரெண்டு இல்ல சார், மூணு! எனக்கு மூணு பிள்ளைங்க. இந்த மனுஷன் காசு மிச்சம் புடிக்க மூணாவதைத் தூக்கப் பைக்குள்ள ஒளிச்சு வச்சு ஏத்திட்டான். பேரு ஜெம்மா. ஆறு வயசு. உங்க கணக்குல அவ இல்ல. ஆனா உங்க கப்பல்ல இருக்கா!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பில்ச்சர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"மார்ச் மாசம் அந்தக் கப்பல் சாஞ்சப்ப எங்க ஊர்ல ஒவ்வொரு தெருவிலயும் சாவு," என்றார் ட்ரெவரிடம். "எத்தனை பேரத் தேடணும்னே தெரியாமத் தேடிக்கிட்டிருந்தோம். எண்ணிக்கை யார்கிட்டயும் இல்ல. உனக்கு அது தெரியாதா, தம்பி? டிவி பாக்கலியா?"

அடித்தளத்துக்குப் பயணிகள் போகக் கூடாது. கப்பல் ஓடும்போது அங்கே கதவு பூட்டியிருக்கும். பில்ச்சர் காரின் அடையாளம் கேட்டு ஒரு மாலுமியை அனுப்பினார். அந்தப் பதற்றத்தில் கார்ச் சாவியைக் கொடுத்தனுப்ப எங்களுக்குத் தோன்றவில்லை. ஒலிபெருக்கியில் ஜெம்மாவின் பெயரைச் சொன்னார். தன் பெயர் கப்பல் முழுக்கக் கேட்பது தெரிந்தால் அவள் எவ்வளவு பெருமைப்படுவாள் என்று தோன்றியது. அடுத்த நொடியே, அவளுக்கு அது கேட்காத இடத்தில் அவள் இருந்தால் என்ற நினைப்பு வந்தது.

மாலுமி படியேறி வந்தான். தனியாக வந்தான்.

"கார் பூட்டியிருக்கு. டார்ச் அடிச்சு எல்லாப் பக்கமும் பாத்துட்டேன். மூட்டை முடிச்சுதான் இருக்கு. கண்ணாடியத் தட்டி நாலஞ்சு தடவ கூப்பிட்டேன். ஒரு அசைவும் இல்ல. காருக்கு அடியில, பக்கத்து வண்டிங்க அடியில எல்லாம் பாத்தாச்சு."

ட்ரெவர் சுவரில் சாய்ந்தான். "அப்ப இறங்கி மேல வந்திருக்கா," என்றான் யாரிடமோ. "நம்மளத் தேடிக்கிட்டு வெளிய போயிருக்கா."

பில்ச்சர் டெலிபோனை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேப்டனிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "ஆறு வயசுப் பொண்ணு. ஆமா சார். விழுந்திருக்கலாம்." அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. காலடியில் இருந்த அதிர்வு குறைந்தது. கப்பல் மெதுவானது. சங்கு மறுபடி ஊதியது. மூடுபனியில் எதைத் தேடப் போகிறார்கள்? பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத கடலில், பட்டியலில் இல்லாத ஒரு பிள்ளையை எந்தப் பக்கம் பார்த்துத் தேடுவார்கள்? அழக்கூட வரவில்லை. ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, "கடவுளே, அவளுக்கு நீச்சல் தெரியாது, அவளுக்கு நீச்சல் தெரியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடவுளுக்கு அந்தத் தகவல் தெரியாது என்பது போல.

மாலுமி எனக்கு ஒரு கோப்பைத் தண்ணீரை நீட்டினான். நல்ல பையன். "நான் நல்லாத்தான் கூப்பிட்டேன்ம்மா," என்றான். "'ஜெம்மா, வெளிய வா கண்ணு, உங்கம்மா கூப்பிடறாங்க, ஐஸ்கிரீம் வாங்கித் தராங்களாம்'னு சத்தமாச் சொன்னேன். உள்ள இருந்தா எந்தப் பிள்ளையும் வந்திருக்கும்."

கோப்பை என் கையிலிருந்து விழுந்தது.

"என்ன சொல்லிக் கூப்பிட்ட?"

அவன் மறுபடியும் சொன்னான். அம்மா கூப்பிடுகிறார்கள். ஐஸ்கிரீம்.

நான் ட்ரெவரின் சட்டைக் காலரைப் பிடித்தேன். "பின்கதவத் தெறந்தப்ப அவ தலையில தட்டினியா?"

"என்ன?"

"தலையில தட்டினியா இல்லியாடா? 'வா, வறுவல் வாங்கித் தரேன்'னு வாயால சொன்னியா, இல்ல தட்டினியா?"

அவன் கண் விரிந்தது. "அய்யோ," என்றான். "தட்டல."

பில்ச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியவைக்க எனக்குப் பொறுமையும் இல்லை. "கீழ கூட்டிட்டுப் போங்க," என்றேன். "சட்டம் கிட்டம் பேசாதீங்க. இவன் தொடாம அவ எந்திரிக்க மாட்டா." என் முகத்தில் அவர் என்ன கண்டாரோ, சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

படிகள் கீழே போய்க்கொண்டே இருந்தன. கனத்த இரும்புக் கதவைத் திறந்ததும் இருட்டும் டீசல் வாடையும் முகத்தில் மோதின. மேலே இருக்கும்போது தெரியாத ஆட்டம் கீழே தெரிந்தது. லாரிகள் சங்கிலியில் முனகின. எங்கோ ஓர் இரும்பு தட்டிக்கொண்டே இருந்தது. கப்பலின் சங்கு இங்கே காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது. இந்த இடத்தில், இந்தச் சத்தத்தில், தனியாக ஒரு பிள்ளை.

"ஜெம்மா!" என்று கத்திக்கொண்டே கார்களுக்கு நடுவே பக்கவாட்டில் ஊர்ந்து போனேன். "ஜெம்மா, அம்மாடி! ஆட்டம் முடிஞ்சுபோச்சு! அம்மா வந்துட்டேன்!"

பதில் இல்லை. பில்ச்சர் டார்ச்சைக் கண்ணாடியில் அடித்தார். தூக்கப் பைகள், கூடாரக் கம்பு, உருளைக்கிழங்கு மூட்டை. மாலுமி சொன்னது சரிதான், ஒரு அசைவும் இல்லை. நான் நினைத்தது தப்பா? அப்படியானால் மேலே, அந்த வெள்ளைக்கு அப்பால், அந்தத் தண்ணீரில்... நான் பக்கத்துக் காரைப் பிடித்துக்கொண்டேன்.

ட்ரெவருக்குச் சாவி துவாரத்தில் நுழையவில்லை. இரண்டு தடவை கீழே போட்டான். பில்ச்சர் எடுத்துத் திறந்துவிட்டார். ட்ரெவர் ஒரு தூக்கப் பையை விலக்கினான். இன்னொன்றை விலக்கினான். மூன்றாவதற்கு அடியில் சிவப்பு தெரிந்தது.

அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இரண்டு கையும் கன்னத்துக்கு அடியில், கண் இறுக மூடியிருந்தது. பிறந்தநாளன்று எப்படிப் படுத்திருந்தாளோ அப்படியே. ஆனால் முகமெல்லாம் நனைந்திருந்தது. கோட்டும் நனைந்திருந்தது. மூத்திர வாடை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. அழுதிருக்கிறாள், சத்தம் வராமல், உடம்பு அசையாமல் அழுதிருக்கிறாள். டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தும் இமை அசையவில்லை.

ட்ரெவர் உலைக்கு முன்னால் வேலை செய்கிற அந்தப் பெரிய கையை நீட்டி, அவள் தலையில் ஒரு தட்டு, இன்னொரு தட்டுத் தட்டினான்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஜெயிச்சுட்டேனா, அப்பா?"

நான் அவளை அள்ளி எடுத்தேன். விறைத்துப்போயிருந்த உடம்பு என் கையில்தான் நடுங்க ஆரம்பித்தது. பற்கள் கிடுகிடுத்தன. "ஒரு ஆளு லைட் அடிச்சுக் கூப்பிட்டான். நான் மூச்சுகூட விடல," என்றாள். "அப்புறம் நீ கூப்பிட்ட. எந்திரிக்கணும்போல இருந்துச்சு. ஆனா நீ அன்னிக்கும் பூனைக்குட்டின்னு ஏமாத்தினேல்ல."

பில்ச்சர் எங்களுக்குப் பக்கத்தில் அந்த எண்ணெய்த் தரையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தார். முதலில் சட்டையில் மாட்டியிருந்த கருவியில் மேலே தகவல் சொன்னார். "கிடைச்சுட்டா. நல்லா இருக்கா." கொஞ்ச நேரத்தில் இரும்புத் தளம் மறுபடி அதிர ஆரம்பித்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"உன் பேரு என்ன கண்ணு? முழுப் பேரு சொல்லு, எழுதிக்கறேன்."

ஜெம்மா அவரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"சொல்லக் கூடாது," என்றாள். "என்னை எண்ணக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

ட்ரெவர் இரண்டு கார்களுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகத்தை மூடிக்கொண்டு அவன் அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வெகு நாள் வரவில்லை. கொஞ்சம் கழித்து அவனே தலையை நிமிர்த்தி, அவள் பெயரை முழுசாகச் சொன்னான். பில்ச்சர் எழுதினார். எழுதியது சரியா என்று அவன் எட்டிப் பார்த்தான். பிறகு இன்னொரு தடவை சொன்னான்.

அபராதம் எதுவும் பில்ச்சர் கேட்கவில்லை. திரும்பி வரும்போது முழுக் கட்டணம் கட்டி வந்தோம். நடுவில் கூடாரம், வெயில் எல்லாம் இருந்தது. எனக்கு அதில் எதுவும் ஞாபகமில்லை.

மறு வருஷம் ஏப்ரலில் ஜெம்மாவுக்கு ஏழு வயது. கேக் தீர்ந்ததும் பிள்ளைகள் தூங்கும் சிங்கம் ஆட வேண்டும் என்று குதித்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் எல்லாரும் தரையில் படுத்துக் கண்ணை மூடிவிட்டார்கள். ஜெம்மாவும் படுத்தாள், இரண்டு கையும் கன்னத்துக்கு அடியில் வைத்து. அடுப்படியிலிருந்து தட்டுகளோடு வந்த ட்ரெவர் வாசற்படியில் நின்றான். தட்டுகளை என் கையில் திணித்துவிட்டு, பிள்ளைகளைத் தாண்டித் தாண்டிப் போய், அவள் பக்கத்தில் மண்டியிட்டுத் தலையில் ரெண்டு தட்டுத் தட்டினான்.

"அப்பா! இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கல!" என்று அவள் கண்ணைத் திறந்து கத்தினாள்.

மற்ற பிள்ளைகள் இது கள்ளாட்டம் என்று கூச்சல் போட்டார்கள். அவன் கையை எடுக்கவில்லை.